‘நிர்வாகம் பொறுப்பல்ல’ போர்டு நம்மைக் காப்பாத்துமா? (வேலூர், 1,800 பேர் மண்டபம், போன மாசம் வந்த மிரட்டல் போன்)

மண்டபத்துப் பிள்ளை | சத்துவாச்சாரி | ஞாயிறு இரவு 9.42

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்குங்க.

சத்துவாச்சாரியில ஹைவேயை ஒட்டி எங்களுக்கு ஒரு கல்யாண மண்டபம் இருக்கு. அப்பா கட்டினது. மேல ஹால், கீழ டைனிங், பின்னாடி சமையக்கட்டு. முகூர்த்தம் இல்லாத நாள்ல டீலர் மீட்டிங், காலேஜ் விழா எல்லாம் நடக்கும். பெரிய கல்யாணம்னா ஒரே நேரத்துல 1,800 பேர் வரைக்கும் உள்ள இருப்பாங்க.

போன மாசம் ஒரு ரிசப்ஷன். ராத்திரி 8.10 இருக்கும், ஆபீஸ் ரூம் போன் அடிச்சுது. கணக்குப்பிள்ளை எடுத்தார். "டைனிங் ஹால்ல குண்டு வெச்சிருக்கு, அரை மணி நேரம்தான் டைம்"னு சொல்லிட்டு வெச்சுட்டான். 112-க்கு அடிச்சோம். மைக்கில சொல்லி எல்லாரையும் வெளியே அனுப்ப ஆரம்பிச்சோம்.

அப்பதான் டைனிங் ஹால் பின் கேட்டுல சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கறது ஞாபகம் வந்துது. கூப்பிடாதவங்க பின்வழியா வந்து உக்காந்து சாப்பிடறாங்க, இலைக்கணக்கு இடிக்குதுன்னு கேட்டரிங்காரர் சொன்னார். நாங்கதான் பூட்டினோம். சாவி அவங்க சூப்பர்வைசர் சட்டைப் பையில. அவர் ஐஸ்கிரீம் தீர்ந்துபோச்சுன்னு வண்டி எடுத்துக்கிட்டுப் போயிருந்தார். கேட்டுக்கு இந்தப் பக்கம் முந்நூறு பேர். கைக்குழந்தையோட ஒரு அம்மா கம்பியைப் பிடிச்சு ஆட்டிக்கிட்டு நின்னாங்க. சமையல் மாஸ்டர் ஒருத்தர் தேங்காய் உரிக்கிற கடப்பாரையை எடுத்துட்டு வந்து பூட்டை உடைச்சார். 11 நிமிஷம் ஆச்சு. போலீஸ் நாயோட வந்து ராத்திரி 12 மணி வரைக்கும் தேடினாங்க. ஒண்ணும் இல்ல. புரளி.

ஆனா கூட்டம் முன்படியில இறங்கும்போது ஒரு பாட்டி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிஞ்சுபோச்சு. அவங்க வீட்டுலேர்ந்து வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கு, 6 லட்சம் கேட்டு. அப்பா சொல்றார், "வாசல்லயே 'எந்த இழப்புக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல'ன்னு எழுதி வெச்சிருக்கோம், கவலைப்படாதே"ன்னு.

அதே சமயம், ஒரு கம்பெனி 1,500 பேர் டீலர் கூட்டத்துக்கு மண்டபம் கேட்டு 14 பக்கம் அக்ரிமென்ட் அனுப்பியிருக்கு. அதுல ஒரு வரி: "தீவிரவாதச் செயல் உட்பட எக்காரணத்தால் ஏற்படும் எவ்வித இழப்புக்கும் மண்டப உரிமையாளரே முழுப் பொறுப்பு." வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்து வேணுமாம்.

போர்டு காப்பாத்துமா? இந்த வரியில கையெழுத்துப் போடலாமா? நிஜமாவே ஒருத்தன் வெச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சா இன்னும் தூக்கம் வரல.

---

காட்பாடி ஜங்ஷன் | ஞாயிறு இரவு 10.05

தம்பி, புரளிக்கெல்லாம் பயந்தா தொழில் பண்ண முடியாது. குண்டு வெக்கறவன் டெல்லி, பாம்பேயில வெப்பான். வேலூர் மண்டபத்துல இன்னாத்துக்கு வெக்கப் போறான்? நோட்டீஸுக்கு ஒரு வக்கீலைப் பாருங்க, வேலையைப் பாருங்க.

---

கருப்புக்கோட்டு | சத்துவாச்சாரி கோர்ட் | ஞாயிறு இரவு 11.20

ஜங்ஷன் சார், 1998 பிப்ரவரி 14 கோயம்புத்தூர் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 58 உயிர். அதுக்கு முந்தின நாள் வரைக்கும் அங்கேயும் "நம்ம ஊர்ல யார் வெப்பா"ன்னுதான் பேசிக்கிட்டு இருந்தாங்க.

தம்பி, போர்டு விஷயத்தை முதல்ல முடிச்சிடறேன். டெல்லியில ஒரு பெரிய ஹோட்டல்ல 1998-ல ஒருத்தர் தன் காரை வேலட் பார்க்கிங்ல (ஹோட்டல் ஆளே சாவி வாங்கி நிறுத்தறது) விட்டார். கார் திருடு போச்சு. டோக்கன் பின்னாடி "உங்கள் பொறுப்பில் நிறுத்துகிறீர்கள்"னு அச்சடிச்சிருந்தாங்க. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 2019 நவம்பர்ல தீர்ப்பு வந்துது: தன் ஆளோட அஜாக்கிரதையால வந்த நஷ்டத்தை இப்படி ஒரு வாசகத்தை வெச்சுத் தட்டிக்கழிக்க முடியாது. ஒரு காருக்கே இப்படின்னா மனுஷ உயிருக்கு என்ன சொல்வாங்கன்னு யோசிங்க. உங்க போர்டு பெயின்ட்டுக்குத்தான் செலவு.

இரண்டாவது, இதைக் கவனமாப் படிங்க. டெல்லி உப்ஹார் தியேட்டர், 1997 ஜூன் 13, 59 பேர் செத்தாங்க. தீ பிடிச்சது தரைத்தளத்துல இருந்த மின்வாரிய டிரான்ஸ்பார்மர்ல. தியேட்டர்காரர் வாதம் இதுதான்: "தீ எங்களால வரல." ஆனா பால்கனியில உக்காந்திருந்தவங்க தீயில எரிஞ்சு சாகல, புகையில மூச்சு முட்டித்தான் செத்தாங்க. ஏன்? வலது பக்க வழியை அடைச்சு கூடுதல் சீட் போட்டிருந்தாங்க. கதவுக்குத் தாழ்ப்பாள். கேட் கீப்பர் இடத்துல இல்ல. 2011-ல சுப்ரீம் கோர்ட் நஷ்டஈட்டைப் பிரிச்சப்போ தியேட்டர் தலையில 85 பங்கு, மின்வாரியம் தலையில 15 பங்கு. லைசென்ஸ் கொடுத்த போலீசையும் மாநகராட்சியையும் நஷ்டஈட்டுலேர்ந்து விடுவிச்சுட்டாங்க. "லைசென்ஸ் இருக்கு, தாசில்தார் டி ஃபார்ம் (பொதுக் கட்டட லைசென்ஸ்) கொடுத்திருக்கார்"னு நினைச்சுக்கிட்டு இருக்கற மண்டபக்காரங்க எல்லாரும் அந்த 85-ஐ நல்லா ஞாபகம் வெச்சுக்கணும்.

குண்டு வெச்சவன் குற்றவாளிதான். அதுல சந்தேகமே இல்ல. ஆனா கோர்ட்ல அடுத்த கேள்வி ஒண்ணு வரும்: "கதவைப் பூட்டினது யார்?" அந்தக் கேள்விக்கு உங்ககிட்ட இன்னைக்குப் பதில் இல்ல. கவனக்குறைவால மரணம்னா பழைய இந்திய தண்டனைச் சட்டம் 304ஏ-யில அதிகபட்சம் 2 வருஷம் ஜெயில். 2024 ஜூலை 1-லேர்ந்து அதுக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா 106-ல 5 வருஷம்.

அக்ரிமென்ட் பத்தி நாளைக்கு எழுதறேன். காலையில ஹியரிங் இருக்கு.

---

ஓய்வு ஹவில்தார் | கம்மவான்பேட்டை | திங்கள் காலை 5.50

தம்பி, நான் 24 வருஷம் பட்டாளத்துல இருந்தவன். எங்க ஊரை ராணுவப்பேட்டைன்னுதான் சொல்வாங்க. வந்த பிறகு ரெண்டு வருஷம் ஒரு செக்யூரிட்டி ஏஜென்சியில சூப்பர்வைசரா இருந்தேன். அங்க பார்த்ததைச் சொல்றேன். மனசு கொதிச்சுத்தான் விட்டுட்டு வந்தேன்.

ஒரு பெரிய விழாவுக்கு 20 கார்டு கேட்டாங்க. ஏஜென்சிகிட்ட 9 பேர்தான். மீதி 11 பேரைக் காலையில பஸ் ஸ்டாண்டுலேர்ந்து கூட்டிட்டு வந்து யூனிஃபார்ம் மாட்டி நிக்க வெச்சாங்க. ஒரு பையனுக்கு ஷூ சைஸ் பத்தாம குதிகாலை மிதிச்சுக்கிட்டே நின்னான். அவனுக்கு எக்ஸிட் எங்க இருக்குன்னே தெரியாது. தனியார் பாதுகாப்பு முகமைச் சட்டம் 2005-ல வந்துது. அதன் விதிப்படி ஒரு கார்டுக்கு வகுப்புல 100 மணி நேரம், களத்துல 60 மணி நேரம் பயிற்சி கொடுக்கணும். எங்களை மாதிரி முன்னாள் ராணுவத்தினருக்கு 40-ம் 16-ம் போதும். நீங்க ஏஜென்சியைக் கேளுங்க: லைசென்ஸ் நம்பர் என்ன, இன்னைக்கு வர்ற ஆளுங்களோட பயிற்சிச் சான்று எங்கன்னு. காட்ட முடியலன்னா கூப்பிடாதீங்க.

மெட்டல் டிடெக்டர் வளைவு வாடகைக்கு எடுத்து வாசல்ல நிறுத்தறாங்க. ஒவ்வொருத்தருக்கும் கீச் கீச்னு கத்துது, யாரும் நிறுத்திப் பார்க்கறதில்ல. ஒரு கல்யாணத்துல நானே பார்த்தேன், சீரியல் செட்டுக்கு பிளக் பாயின்ட் வேணும்னு அதோட வயரைப் பிடுங்கி விட்டிருந்தாங்க. வளைவு மட்டும் நிக்குது. ஜனங்க அதுக்குள்ள பயபக்தியா நுழைஞ்சு போறாங்க.

வாசலை மட்டும் பார்க்கறதுதான் பெரிய தப்பு. 1995-ல நம்ம வேலூர் கோட்டைக்குள்ள இருந்து 43 புலிகள் தப்பிச்சாங்களே, வாசல் வழியாவா போனாங்க? தரைக்கு அடியில சுரங்கம் தோண்டிப் போனாங்க. மண்டபத்துக்குத் தரை எதுன்னா பின்பக்கம்தான். பந்தல்காரர் வண்டி, பூ வர்ற குட்டி யானை, கேஸ் சிலிண்டர் ஆட்டோ, ஜெனரேட்டர் டீசல். இதுல யார் வர்றாங்க, எத்தனை மணிக்கு வர்றாங்கன்னு ஒரு நோட்டுல எழுதறீங்களா? விழாவுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி ஹாலைக் காலி பண்ணி, மேடைக்கு அடியில, வாஷ் பேசின் கீழ, மாலை கூடை, ஸ்டோர் ரூம் எல்லாம் ஒருத்தர் டார்ச் அடிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடணும். அதுக்குப் பிறகு பின்பக்கம் யார் நுழைஞ்சாலும் பார்த்துத்தான் விடணும். கேட்பாரில்லாம கிடக்கற பையை யாரும் தொடக்கூடாது, நகர்த்தக்கூடாது. போலீஸைக் கூப்பிடணும்.

ஜனங்களை வெளிய அனுப்பும்போது பார்க்கிங்ல கொண்டுபோய் நிறுத்தாதீங்க. வண்டியில எது இருக்குன்னு யாருக்குத் தெரியும்? எதிர்ப்பக்கம் காலி மனை இருந்தா அதுக்குச் சொந்தக்காரர்கிட்ட இப்பவே பேசி வைங்க.

---

சர்வேயர் 63 | வேலூர் | திங்கள் காலை 10.15

இன்ஷூரன்ஸ் பக்கம் சொல்றேன். இந்தத் தொழில்ல 31 வருஷம்.

2001 செப்டம்பர் நியூயார்க் தாக்குதலுக்கு அப்புறம் உலகத்துல ரீ-இன்ஷூரன்ஸ் கம்பெனிங்க (இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கே இன்ஷூரன்ஸ் கொடுக்கறவங்க) தீவிரவாத ரிஸ்க்கை எடுக்க மறுத்துட்டாங்க. அதனால 2002 ஏப்ரல்ல நம்ம நாட்டுக் கம்பெனிங்க சேர்ந்து ஒரு பூல், அதாவது பொது நிதி, ஆரம்பிச்சாங்க. அரசு ரீ-இன்ஷூரன்ஸ் கம்பெனி ஜிஐசி அதை நடத்துது. ஃபயர் பாலிசியோட தீவிரவாதத்துக்குன்னு கூட ஒரு தொகை கட்டினா இதுக்குள்ள வரும். 2008 மும்பை தாக்குதல்ல ஹோட்டல்களுக்குக் கிடைச்ச பணம் இந்தப் பூல்லேர்ந்துதான்.

இது கட்டடத்துக்கு, சாமானுக்கு. உள்ள இருக்கற ஆளுக்கு இல்ல. ஆளுக்கு வேணும்னா பப்ளிக் லயபிலிட்டி பாலிசி தனியா எடுக்கணும். அதுலயும் வழக்கமா தீவிரவாதம் விலக்குப் பட்டியல்ல இருக்கும். அதைத் திரும்ப உள்ள கொண்டு வர தனி எண்டார்ஸ்மென்ட் (பாலிசியோட சேர்க்கற கூடுதல் ஷரத்து) கேட்டு வாங்கணும். நான் பார்த்த மண்டபங்கள்ல பெரும்பாலும் கட்டடத்துக்கு முழுக்க இருக்கும், ஆளுக்கு ஒண்ணுமே இருக்காது. சாண்ட்லியர் உடைஞ்சா பணம் வரும். சாண்ட்லியர் விழுந்து ஒருத்தர் தலை உடைஞ்சா சொந்தப் பணம்.

இன்னொரு குழப்பம் நிறையப் பேருக்கு இருக்கு. 1991-ல வந்த பொதுப் பொறுப்பு இன்ஷூரன்ஸ் சட்டம்னு ஒண்ணு உண்டு. அது அபாயகரமான ரசாயனம் கையாளறவங்களுக்கு. ராணிப்பேட்டை கெமிக்கல் யூனிட்டுக்குப் பொருந்தும், உங்களுக்கு இல்ல. ஏஜென்ட் அதைக் காட்டி "கட்டாயம் எடுத்தாகணும்"னு சொன்னா ஏமாறாதீங்க. கட்டாயம் இல்லாட்டியும் எடுங்க, அது வேற விஷயம்.

---

காட்பாடி ஜங்ஷன் | திங்கள் பகல் 1.30

சரி, ஒத்துக்கறேன். ஆனா ஒரு நியாயமான கேள்வி. நேதாஜி மார்க்கெட்ல வெடிச்சா யார் நஷ்டஈடு கொடுப்பாங்க? அரசாங்கம் தடுக்க வேண்டியதைத் தடுக்காம விட்டதுக்கு ஒரு மண்டபக்காரன் சொத்தை வித்து ஏன் கொடுக்கணும்? அமெரிக்காவுல பொறுப்புக்கு ஒரு வரம்பு வெச்சு சட்டமே இருக்காமே. அது மாதிரி இங்கயும் வந்தா நல்லதுதானே?

---

சர்வேயர் 63 | திங்கள் பகல் 2.10

ஆமா, இருக்கு. 2002-ல ஹோம்லேண்ட் செக்யூரிட்டி சட்டத்தோட வந்தது. சேஃப்டி ஆக்ட்னு பேர். பாதுகாப்புக் கருவி விக்கறவங்க, பாதுகாப்புச் சேவை கொடுக்கறவங்க, அரங்கம் நடத்தறவங்க தங்களோட ஏற்பாட்டை அரசாங்கத் துறைகிட்ட காட்டி அங்கீகாரம் வாங்கலாம். வாங்கிட்டா, தீவிரவாதத் தாக்குதல் நடந்தாலும் அவங்க கொடுக்க வேண்டியது அரசு குறிச்ச இன்ஷூரன்ஸ் தொகை வரைக்கும்தான். தண்டனையா விதிக்கற நஷ்டஈடு கிடையாது. வழக்கு ஃபெடரல் கோர்ட்ல மட்டும்தான் நடக்கும். பெரிய ஸ்டேடியங்கள் சிலது இதை வாங்கியிருக்கு. சும்மா கொடுக்க மாட்டாங்க. கார்டு எப்படிப் பயிற்சி பெறறான், எத்தனை நாளைக்கு ஒருமுறை ஒத்திகை, எதை எங்க எழுதி வெக்கறீங்கன்னு கட்டுக்கட்டா காகிதம் கேட்பாங்க. ஒழுங்கா இருக்கறவனுக்கு ஒரு பலன் கிடைக்கும்கற அளவுல எனக்கு அந்த யோசனை பிடிக்கும்.

---

கருப்புக்கோட்டு | திங்கள் மாலை 6.40

எனக்குப் பிடிக்காது. ஏன்னு சொல்றேன். 2017 அக்டோபர் 1, லாஸ் வேகாஸ். ஹோட்டல் ஜன்னல்லேர்ந்து ஒருத்தன் கீழ கச்சேரி கேட்டுக்கிட்டு இருந்த கூட்டத்தைச் சுட்டான். அன்னைக்கே 58 பேர் செத்தாங்க, பின்னாடி அது 60 ஆச்சு. அடுத்த வருஷம் அந்த ஹோட்டல் கம்பெனி என்ன பண்ணுச்சு தெரியுமா? தப்பிப் பிழைச்ச, சொந்தத்தை இழந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவங்க மேல தானே கோர்ட்டுக்குப் போச்சு. பணம் கேட்டு இல்ல. "எங்களுக்குப் பொறுப்பு இல்லைன்னு அறிவிங்க"ன்னு. ஆதாரம் இதே சட்டம்தான்: நாங்க வெச்ச செக்யூரிட்டி கம்பெனிக்கு அங்கீகாரம் இருந்துதுன்னு. அந்தச் சம்பவத்தை அரசாங்கம் தீவிரவாதம்னு அறிவிக்கவே இல்ல. ஊரே கொதிச்சுது. கடைசியில 800 மில்லியன் டாலர் வரைக்கும் கொடுக்கறோம்னு சமரசத்துக்கு வந்தாங்க. காலை இழந்தவர் வீட்டுக்குச் சம்மன் போற மாதிரி ஒரு சட்டம் நமக்கு வேண்டாம் சார்.

அரசாங்கம் பத்திக் கேட்டீங்க, நியாயமான கேள்விதான். தீவிரவாதத்துல செத்தவங்க குடும்பத்துக்கு மத்திய அரசுத் திட்டம் 2008-லேர்ந்து இருக்கு. முதல்ல 3 லட்சம், 2016-ல 5 லட்சமாக்கினாங்க. ஒரு குடும்பத் தலைவர் போயிட்டா 5 லட்சம் எத்தனை நாளைக்கு? அதனாலதான் ஜனங்க மண்டபக்காரரைத் தேடி வர்றாங்க.

இப்ப அக்ரிமென்ட். தம்பி, அந்த வரியில அப்படியே கையெழுத்துப் போடாதீங்க. "எக்காரணத்தால்"கற வார்த்தையை எடுத்துட்டு "மண்டப உரிமையாளர் அல்லது அவரது பணியாளரின் கவனக்குறைவால்"னு மாத்தச் சொல்லுங்க. அவங்க ஆளுங்க, அவங்க கூட்டிட்டு வர்ற பந்தல்காரர், சவுண்டு சர்வீஸ் செய்யற தப்புக்கு அவங்க பொறுப்புன்னு ஒரு பதில் வரியும் வேணும். தொகைக்கு ஒரு உச்சவரம்பு வைங்க, அது உங்க பாலிசித் தொகையைத் தாண்டக்கூடாது. எல்லாத்தையும் விட முக்கியம், யார் எதைச் செய்யணும்கறது பின்னிணைப்புல இருக்கணும்: பை சோதனை யார், பின் கேட் யார், மைக்ல அறிவிக்கறது யார். எனக்குத் தெரிஞ்ச ஒரு வழக்குல மூணு தரப்பும் "அது அவங்க வேலை"ன்னு சொன்னாங்க. மூணு தரப்புமே கட்டினாங்க.

ஒண்ணு ஞாபகம் வைங்க. அந்த அக்ரிமென்ட் உங்களுக்கும் கம்பெனிக்கும் நடுவுலதான். உள்ள வந்து அடிபட்டவர் அதுல கையெழுத்துப் போடல. அவர் உங்க ரெண்டு பேர் மேலயும் வழக்குப் போடலாம்.

பாட்டி நோட்டீஸுக்குக் கோபமா பதில் எழுதாதீங்க. 15 நாளுக்குள்ள வக்கீல் மூலமா பதில் கொடுங்க. ஆஸ்பத்திரிச் செலவை, வழக்கு உரிமைக்குப் பாதகம் இல்லாமன்னு (அதாவது கொடுத்ததாலயே தப்பை ஒத்துக்கிட்டதா ஆகாதுன்னு) எழுதி, இப்பவே கொடுங்க. நேர்ல போய்ப் பாருங்க.

---

விஷாரம் தோல்மண்டி | மேல்விஷாரம் | திங்கள் இரவு 9.00

எல்லாரும் நல்ல விஷயம் சொல்றீங்க. நானும் ஒண்ணு சொல்லணும், தப்பா எடுத்துக்க மாட்டீங்கன்னு நம்பறேன்.

மூணு வருஷம் முன்னாடி ஒரு பெரிய ஊர்ல ஒரு ஷாப்பிங் காம்ப்ளெக்ஸுக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போனேன். அம்மாவுக்கு 71 வயசு, புர்கா போட்டிருந்தாங்க. வாசல்ல எங்களை மட்டும் ஓரமா நிக்க வெச்சாங்க. அம்மா கைப்பையில இருந்த தஸ்பீஹ் மணி, சுகர் மாத்திரை, வெத்தலை டப்பா எல்லாத்தையும் எடுத்து டேபிள்ல பரப்பினாங்க. அந்த நேரத்துல பெரிய பெரிய டிராவல் பேக்கோட நாலு பேர் எங்களைத் தாண்டி உள்ள போனாங்க. ஒருத்தரையும் நிறுத்தல. அம்மா ஒண்ணும் சொல்லல. திரும்பி வர்ற வழியில ஆற்காடு வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கிட்டு வந்தாங்க. அதுக்கப்புறம் எந்தப் பெரிய கட்டடத்துக்குள்ளயும் வர மாட்டேங்கறாங்க.

அந்த வாசல்ல பாதுகாப்பும் இல்ல, மரியாதையும் இல்ல. மண்டபத்துத் தம்பி, உங்க கார்டுகிட்ட பையைப் பாருன்னு சொல்லுங்க. தாடியைப் பாருன்னு சொல்லாதீங்க. எல்லாரையும் பார்க்க முடியலன்னா அஞ்சு பேருக்கு ஒருத்தர்னு எண்ணிப் பார்க்கச் சொல்லுங்க. அஞ்சாவது ஆள் நானா இருந்தா சந்தோஷமா பையைத் திறந்து காட்டுவேன்.

---

ஓய்வு ஹவில்தார் | திங்கள் இரவு 9.25

பாய், படிச்சிட்டு மனசு கஷ்டமா இருக்கு. உங்க அம்மாகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க. தொழில் ரீதியாவும் நீங்க சொன்னதுதான் சரி. ஒருத்தர் முகத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கற கார்டு நாலு பையைத் தவற விட்டுட்டான்.

---

ஆரணிப் பொண்ணு | மான்செஸ்டர் | செவ்வாய் அதிகாலை 3.15

ஊர்ல எல்லாரும் தூங்கிட்டு இருப்பீங்க. நான் இங்க நர்ஸ், சாயங்கால டியூட்டி முடிச்சு வந்து இதைப் படிச்சேன். எழுதாம இருக்க முடியல.

2017 மே 22 எங்க ஊர் அரீனாவுல (பெரிய கச்சேரி அரங்கம்) குண்டு வெடிச்சுது. 22 பேர். நிறையக் குழந்தைங்க. விசாரணைக் கமிஷன் அறிக்கை 2021-ல வந்தப்போ உக்காந்து படிச்சேன். வெடிக்கறதுக்குக் கால் மணி நேரம் முன்னாடி, மகளைக் கூட்டிட்டுப் போக வந்து காத்திருந்த ஒருத்தர், பெரிய பையோட உக்காந்திருந்தவனைப் பார்த்து சந்தேகப்பட்டு அவன்கிட்டயே போய்க் கேட்டிருக்கார். அப்புறம் செக்யூரிட்டி பையன்கிட்ட போய்ச் சொன்னார். அந்தப் பையன் இன்னொரு பையன்கிட்ட சொன்னான். ரெண்டும் பதின்வயசு தாண்டாத பசங்க. இரண்டாவது பையன் ரேடியோவுல கன்ட்ரோல் ரூமைப் பிடிக்கப் பார்த்தான், லைன் கிடைக்கல. விட்டுட்டான். தப்பா சந்தேகப்பட்டா இனவெறின்னு சொல்லிடுவாங்களோன்னு பயந்ததாவும் அவன் சாட்சியம் சொன்னான்.

விஷாரம் அண்ணா, உங்க அம்மாவுக்கு நடந்தது அநியாயம். நீங்க சொன்னதுக்கு எதிரா இதை எழுதல. அந்தப் பையனுக்கு எதைப் பார்த்து சந்தேகப்படணும், சந்தேகப்பட்டா யார்கிட்ட போகணும்னு யாரும் சரியா சொல்லிக் கொடுக்கல. அந்த வெறுமையில ஒரு பக்கம் பயம் வந்துது, இன்னொரு ஊர்ல உங்க அம்மா மேல வெறுப்பா வந்துது.

பலியானவர்ல ஒருத்தரோட அம்மா வருஷக்கணக்கா போராடி, 2025 ஏப்ரல் 3-ல இங்க சட்டம் வந்துது. மகன் பேரை வெச்சு மார்ட்டின் சட்டம்னுதான் எல்லாரும் சொல்றாங்க. 200 பேர்லேர்ந்து 799 பேர் வரைக்கும் கூடற இடம்னா, வெளியேத்தறது எப்படி, உள்ளயே பாதுகாப்பா வெக்கறது எப்படி, கதவை எப்ப மூடறது, ஜனங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு திட்டம் இருக்கணும். பெரிய கருவி எதுவும் வாங்கச் சொல்லல. 800-க்கு மேல போனா கேமரா, சோதனை, எழுத்துல ஆவணம்னு கூடுதலா கேட்கறாங்க. தயாராக குறைஞ்சது ரெண்டு வருஷம் அவகாசம். மீறினா சின்ன இடத்துக்கு 10,000 பவுண்டு வரைக்கும் அபராதம், பெரிய இடத்துக்கு ரொம்ப ரொம்ப அதிகம். தம்பி, உங்க மண்டபம் இங்க இருந்தா பெரிய பட்டியல்ல வரும்.

மைக்ல என்ன சொன்னீங்கன்னு நீங்க எழுதல. அதைச் சொல்லுங்க.

---

மண்டபத்துப் பிள்ளை | செவ்வாய் காலை 7.30

அக்கா, ஆர்க்கெஸ்ட்ரா பையன் கையில மைக் இருந்துது. அவன்கிட்ட "கரன்ட் பிரச்சனைன்னு சொல்லு"ன்னேன். அவன் பதட்டத்துல "எல்லாரும் ஓடுங்க"ன்னு கத்திட்டான். அப்பதான் படியில தள்ளுமுள்ளு ஆச்சு.

---

ஆரணிப் பொண்ணு | செவ்வாய் மாலை 4.50

பொய் சொல்லச் சொன்னதுதான் ஆரம்பம்பா. கரன்ட் பிரச்சனைன்னா பாதிப் பேர் உக்காந்த இடத்துலயே இருப்பாங்க, சாப்பாடு நடுவுல இருக்கறவங்க எழுந்திருக்க மாட்டாங்க. விஷயம் காதுக்கு வந்ததும் சொன்னவன் மேல நம்பிக்கை போயிடும். இப்பவே ஒரு வாசகம் எழுதி மைக் பக்கத்துல ஒட்டி வைங்க: "பாதுகாப்புக்காக மண்டபத்தைக் காலி செய்கிறோம். இடது பக்கம் இருப்பவர்கள் சமையல்கட்டு வழியாக, வலது பக்கம் இருப்பவர்கள் முன்படி வழியாக. நடந்து போங்கள். வயதானவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள்." நம்ம சனம் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகச் சொன்னா கூட்டிட்டுப் போகும். இதை உங்க அப்பா படிக்கட்டும். பெரியவர் நிதானமான குரல்ல சொன்னா கேப்பாங்க.

---

கெங்கையம்மன் தொண்டு | குடியாத்தம் | செவ்வாய் இரவு 8.20

மண்டபத்துக்கு நாலு கதவு இருக்கு. எங்க சிரசு திருவிழாவுக்குக் கதவே கிடையாது. வைகாசி ஒண்ணாம் தேதி ஊரே ஆத்தங்கரையில நிக்கும். சுத்துப்பட்டு ஊர், ஆந்திரான்னு லட்சக்கணக்குல ஜனம். அம்மன் சிரசு வர்ற வழியெல்லாம் சிதறுதேங்காய், மாலை. யார் பையை யார் திறந்து பார்ப்பீங்க?

நாங்க செய்யறதைச் சொல்றேன். ஆம்புலன்ஸ் வர ஒரு தெருவைக் காலியா வெக்கறோம், அதுல ஒரு தள்ளுவண்டி கூட நிக்க விடமாட்டோம். தெருவுக்கு ரெண்டு கடைக்காரங்களைக் கண்ணா வெச்சிருக்கோம். தன் கடை வாசல்ல எது புதுசா இருக்குன்னு கடைக்காரருக்குத் தெரியற மாதிரி எந்த கேமராவுக்கும் தெரியாது. வாணியம்பாடியில 2023 பிப்ரவரியில இலவசப் புடவை டோக்கனுக்கு நின்ன நாலு அம்மாங்க நெரிசல்ல செத்தாங்க. கரூர்ல 2025 செப்டம்பர் 27, 41 பேர். குண்டு எதுவும் இல்ல. இதெல்லாம் நடந்ததுக்கு அப்புறம் எங்க பசங்களுக்கு நான் சொல்றது, நெரிசலுக்கு வழி விட்டு வெச்சா குண்டுக்கும் அதே வழிதான்.

---

மண்டபத்துப் பிள்ளை | மூணு வாரம் கழிச்சு | ஞாயிறு இரவு 10.10

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிடறேன்.

ஆற்காட்டுல பாட்டி வீட்டுக்கு நானும் அப்பாவும் போனோம். கையில மாவுக்கட்டு. காபி கொடுக்கச் சொன்னாங்க. பணத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. அப்பாவைப் பார்த்து, "ஏன் சாமி கதவைப் பூட்டி வெச்சீங்க? என் பேத்தி கைக்குழந்தையோட அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டா. அவளைத் தேடித்தான் நான் திரும்பி ஏறினேன், அதுலதான் விழுந்தேன்"னாங்க. கம்பியைப் பிடிச்சு ஆட்டின அந்த அம்மா அவங்க பேத்தி. அப்பா வழி முழுக்கப் பேசல. மறுநாள் காலையில தோட்டப்பாளையத்துலேர்ந்து வெல்டிங்காரரை அவரே கூட்டிட்டு வந்துட்டார்.

பின் கேட்டை எடுத்தாச்சு. உள்ளேர்ந்து தள்ளினா திறக்கிற, வெளியிலேர்ந்து திறக்க முடியாத கம்பிக் கதவு. கூப்பிடாதவங்க வரமாட்டாங்க, உள்ள இருக்கறவங்க மாட்டவும் மாட்டாங்க. இதுக்கு ஆன செலவு ஒரு கல்யாணத்து ஐஸ்கிரீம் பில்லை விடக் கம்மி. ஹவில்தார் ஐயா சொன்ன மாதிரி பின்பக்க நோட்டு, டார்ச் சோதனை ஆரம்பிச்சாச்சு. போன புதன்கிழமை முகூர்த்தத்துல சாப்பாட்டுக்கு முன்னாடி, பெண் வீட்டார் அனுமதியோட, அப்பா மைக்ல படிச்சு ஒத்திகை பார்த்தோம். 600 பேர், 4 நிமிஷம். ரெண்டு மாமாங்க கோவிச்சுக்கிட்டாங்க, அவங்களுக்கு முதல் பந்தியில இடம் போட்டு சமாதானம் பண்ணினோம்.

கம்பெனி அந்த வரியை மாத்த ஒத்துக்கிச்சு. உச்சவரம்புக்கு இன்னும் பேசிட்டு இருக்காங்க. வாசல் போர்டு இன்னும் இருக்கு, அப்பா கழட்ட மனசு வராம இருக்கார்.

சர்வேயர் சார், ஒரு சந்தேகம். லயபிலிட்டி பாலிசிக்கு அப்ளை பண்ண பழைய ஃபயர் பாலிசி பேப்பரை எடுத்தேன். ப்ரபோசல் ஃபார்ம்ல (பாலிசி கேட்டுக் கொடுக்கற விண்ணப்பம்) "வெளியேறும் வழிகள்: 4"ன்னு ஏஜென்ட் எழுதியிருக்கார், அப்பா கையெழுத்து இருக்கு. அப்ப மூணுதான் திறந்திருந்துது. இப்ப நிஜமாவே நாலு. அதை அப்படியே விட்டுடலாமா?

---

சர்வேயர் 63 | ஞாயிறு இரவு 10.35

விடாதீங்க. எத்தனை வருஷமா பூட்டியிருந்துது, எந்தத் தேதியில கதவு மாத்தினீங்க, வெல்டிங் பில், போட்டோ எல்லாம் வெச்சு கம்பெனிக்குக் கடிதம் எழுதுங்க. முக்கியமான விவரத்தை மறைச்சதா தெரிஞ்சா க்ளெய்ம் வர்ற அன்னைக்கு அந்த ஒரு நம்பரைக் காட்டித்தான் மறுப்பாங்க. ஏஜென்ட் எழுதினார்னு சொன்னா எடுபடாது, கையெழுத்து அப்பாவோடது. புது ஃபார்ம்ல மிரட்டல் போன் வந்ததையும், பாட்டி நோட்டீஸையும் சேர்த்தே எழுதுங்க. ப்ரீமியம் கொஞ்சம் ஏறும். நாளைக்குக் காலையிலயே ரெஜிஸ்டர் தபால்ல அனுப்பிட்டு ரசீதை அந்தப் பின்பக்க நோட்டுலயே ஒட்டி வைங்க.